கேட்டுவிட்டுச் செய்தால் என்ன?

நவம்பர் மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் பலருக்கும் ஒரு கவலை பிறந்துவிடுகிறது. தாம் உயிரோடு இருப்பதாக அவர்கள் சான்று கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தவறினால் பென்ஷன் நின்றுவிடும். பென்ஷன் இறந்தவர் பெயரில் போய்க்கொண்டிருக்கக் கூடாது என்பது நியாயம்தான். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தச் சான்றை வாங்கும் முறையைப் பார்த்தால், அதை வகுத்தவர்கள் ஒரு வயோதிகரையாவது அருகில் உட்கார வைத்துக் கேட்டார்களா என்ற சந்தேகம் எழுகிறது.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தானே பக்கம் ஓர் ஆலையில் முப்பது ஆண்டுகள் இரும்புப் பீப்பாய்களை உருட்டியவர். ஓய்வு பெற்றபின் திருநெல்வேலிப் பக்கம் சொந்த கிராமத்துக்கே போய்விட்டார். மகன் டோம்பிவிலியில் குடியிருந்துகொண்டு மும்பை போர்ட் பகுதியில் குமாஸ்தா வேலை பார்க்கிறார். பெரியவருக்கு வருவது சேமநிதிப் பென்ஷன், மாதம் ஆயிரத்துச் சொச்சம். மருந்துக்கும் வெற்றிலைக்கும் மகனிடம் கை நீட்டாமல் இருப்பதற்கு அந்தப் பணம்தான் அவருக்குத் துணை.

ஓர் ஆண்டு அவர் சான்று கொடுக்கச் சேவை மையத்துக்குப் போனார். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். கருவி ஒன்றையும் ஏற்கவில்லை. பீப்பாய் உருட்டிய கையில் ரேகை எங்கே இருக்கும்? மையத்தில் இருந்த பெண் நல்ல பெண். முகத்தைப் படம் பிடித்துச் செய்துவிடலாம், அதற்குமுன் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்றாள். எண் வந்தது. ஆனால் அது வந்தது மகனுடைய போனுக்கு. ஆதாரில் பதிவாகியிருந்தது மகனுடைய நம்பர். மகனோ அந்த நேரத்தில் தாதருக்கும் குர்லாவுக்கும் நடுவே லோக்கல் ரயில் நெரிசலில், சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோக முடியாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் இறங்கி போனை எடுத்தபோது, "ஏல, நம்பர் வந்துச்சா? இங்க அந்தப் பிள்ளை கேக்கு" என்று தகப்பனார் நாலாவது முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எண்ணுக்கு ஆயுள் சில நிமிடங்களே, அது செத்துவிட்டிருந்தது. உயிரோடிருந்த பெரியவருக்கு அன்று சான்று கிடைக்கவில்லை. மறுபடி போக ஆள் துணை அமையவில்லை. இரண்டு மாதம் பென்ஷன் நின்றது. பிறகு பாக்கியோடு சேர்ந்து வந்தது உண்மை. ஆனால் மருந்துக் கடைக்காரர் பாக்கி வரும்வரை காத்திருப்பாரா?

யாருடைய குற்றம்?

இதில் மகனைக் குறை சொல்ல முடியாது. சேவை மையத்துப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது. உழைத்துத் தேய்ந்த விரலைக் குறை சொல்வது பாவம். குற்றம் முறையை வகுத்ததில் இருக்கிறது. ஒவ்வொரு முதியவரிடமும் ஒரு போன் இருக்கும், அது அவர் பெயரில் இருக்கும், அவர் கையிலேயே இருக்கும், அவர் விரலில் ரேகை இருக்கும் என்று யாரோ எங்கோ ஓர் அறையில் அமர்ந்து எண்ணிக்கொண்டார்கள். பிழைப்புக்காகப் பிள்ளைகளை மும்பைக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெற்றோர் லட்சக்கணக்கில் உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஜீவன் பிரமாண் என்னும் இந்த மின்னணு உயிர்ச் சான்றுத் திட்டம் 2014 நவம்பர் 10ஆம் தேதி தொடங்கப்பட்டது. நோக்கம் மிக நல்லது. ஆண்டுதோறும் வங்கிக்கு நடந்து, வரிசையில் நின்று, கையெழுத்திட்டு வரும் சிரமத்தைப் போக்கவேண்டும் என்பதே அதன் எண்ணம். விரல் ரேகை அல்லது கருவிழி என்று இரு வழி வைத்தார்கள். ஆனால் பல சிறிய மையங்களில் விரல் ரேகைக் கருவிதான் இருந்தது. முதுமையில் தோல் வறண்டு ரேகை மங்கும். துணி வெளுத்தவர், செங்கல் சுமந்தவர், தோல் பதனிட்டவர், பாத்திரம் துலக்கியவர் இவர்களுக்கு அறுபது வயதுக்கு முன்பே ரேகை போய்விடும். முகத்தைப் பார்த்து அடையாளம் காணும் வழி 2021 நவம்பரில்தான் வந்தது. இடையில் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

எண்பது வயது கடந்தவர்கள் நவம்பர் நெரிசலில் சிக்காமல் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே சான்று தரலாம் என்ற சலுகை 2019இல் வந்தது. தபால்காரரே கருவியுடன் வீட்டுக்கு வந்து சான்று எடுக்கும் ஏற்பாடு 2020இல் வந்தது. எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் எல்லாம் பின்னால் வந்தவை. 2014இல் தாராவியிலிருந்து பத்துப் பேர், ஒரு கிராமத்திலிருந்து பத்துப் பேர் என்று முதியோரைக் கூப்பிட்டு, "இந்தக் கருவியில் விரலை வையுங்கள் பார்க்கலாம்" என்று ஒரே ஒரு காலைப்பொழுது செலவிட்டிருந்தால், ஏழு ஆண்டுகளில் கற்ற பாடத்தை மத்தியானத்துக்குள் கற்றிருக்கலாம் அல்லவா?

வரிசையும் நாற்காலியும்

இது ஒரு திட்டத்தின் கதை மட்டும் அன்று. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை ஏற்படுத்த வேண்டும் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. வரவேற்க வேண்டிய விதி. ஆனால் முழங்கால் வலியோடு வந்த ஒரு பாட்டியிடம் போய், "உங்களுக்குத் தனி வரிசை வேண்டுமா, உட்கார ஒரு நாற்காலி வேண்டுமா?" என்று கேட்டால் அவர் எதைச் சொல்வார்? தனி வரிசையிலும் நிற்கத்தானே வேண்டியிருக்கிறது! ஒரு பெஞ்சு, ஒரு டோக்கன், டோக்கன் எண்ணை உரக்கக் கூப்பிட ஓர் ஆள், பக்கத்தில் ஒரு கழிப்பிடம். இவ்வளவுதான் அவர் கேட்பார்.

மகாராஷ்டிர மாநிலத்தில் 2022 ஆகஸ்டில் 75 வயது கடந்தவர்களுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகப் பஸ்களில் கட்டணமில்லாப் பயணம் தரப்பட்டது. விண்ணப்பம், ரகசிய எண் என்ற தொல்லைகள் இல்லாததால் கிராமத்து முதியவர்களும் தயங்காமல் பயன்படுத்தினார்கள். ஒரு சேவை எளிமையாக இருந்தால் வயோதிகர்கள் அதை எவ்வளவு விரைவாகக் கைக்கொள்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் பழைய பஸ்களின் படி, இடுப்பளவு உயரம் என்று தோன்றும்படி இருக்கிறதே! கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். படியை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. நகரப் பஸ்களுக்கு மத்திய அரசு வகுத்த அளவுகளில் தாழ்தளப் பஸ் என்று ஒரு வகை உண்டு. அதன் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர்தான். அப்படிப்பட்ட பஸ்ஸில் முதியவர் மட்டுமா ஏறுகிறார்? கர்ப்பிணி ஏறுகிறாள், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய் ஏறுகிறாள், தலையில் மூட்டையோடு கூலியாள் ஏறுகிறார். வயோதிகருக்கு இசைவாகச் செய்தது எல்லாருக்கும் இசைவாக இருக்கும்.

முதியோரைக் கேட்க வேண்டும் என்பது புதிய யோசனையும் அன்று. ஐக்கிய நாடுகள் சபை 1991 டிசம்பர் 16ஆம் தேதி முதியோருக்கான கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. தங்கள் நலத்தைப் பாதிக்கும் கொள்கைகளை வகுப்பதிலும் நிறைவேற்றுவதிலும் முதியோர் தாமே பங்குகொள்ள வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கு இசைவான நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டி நூலை 2007இல் வெளியிட்டது. அதை எழுதுமுன் உலகில் 33 நகரங்களில் முதியோரைக் கூட்டிவைத்துக் கேட்டார்கள். நம் நாட்டில் புதுடில்லியும் உதய்ப்பூரும் அவற்றில் இருந்தன. அந்த நூலில் இடம்பெற்றவை என்ன தெரியுமா? தெருவில் உட்கார இருக்கை, சுத்தமான பொதுக் கழிப்பிடம், சாலையைக் கடக்கப் போதிய நேரம், பயணி உட்கார்ந்த பிறகே பஸ்ஸை எடுக்கும் டிரைவர். வானத்தை வில்லாக வளைக்கும்படி யாரும் கேட்கவில்லை.

பொன்னாடை போதாது

நம் நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 60 வயது கடந்தவர்கள் 10 கோடியே 38 லட்சம் பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு எட்டரைக்கு மேல். அதன்பின் இந்தத் தொகை வளர்ந்துதான் இருக்கிறது. இவ்வளவு பேரைக் கேட்காமல் அவர்களுக்கென்று செய்வதை என்னென்பது?

"கேட்காமல் இல்லையே, ஆண்டுதோறும் அக்டோபர் முதல் தேதி முதியோர் தினம் கொண்டாடுகிறோமே" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை. மேடை போடுகிறோம். நாலு பெரியவர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். இளைஞர்கள் முதியோரைப் போற்ற வேண்டும் என்று அரைமணி நேரம் பேசுகிறோம். பெரியவர்கள் கைகூப்பி வாங்கிக்கொண்டு, சிற்றுண்டிப் பொட்டலத்தோடு வீடு திரும்புகிறார்கள். அந்த மேடையில் ஒலிபெருக்கி நம் கையிலேயே இருக்கிறது. அதை அவர்கள் பக்கம் திருப்பி ஒரு கேள்வி கேட்பதில்லை. மரியாதை வேறு, ஆலோசனை கேட்பது வேறு. கேட்பதே பெரிய மரியாதை.

வயதானவர்களுக்கு இயந்திரம் என்றால் பயம், அவர்களைக் கேட்டு என்ன பயன் என்று இன்னொரு வாதம். இதைச் சொல்வதற்கு மும்பைத் தமிழர்களாகிய நமக்குத் தகுதி இல்லை. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்துச் சர்ட்டிபிகேட்டுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்து இறங்கியவர்கள் யார்? இன்று முதியவர்களாக இருப்பவர்கள்தானே! டைப்ரைட்டரில் தட்டிப் பழகிய விரலால் பின்னர் கம்ப்யூட்டரிலும் தட்டியவர்கள் பலர். மொழி தெரியாத ஊரில் மராத்தியும் இந்தியும் கற்றுக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர்கள். அவர்களுக்குக் கற்கத் தெரியும். சிறிய எழுத்தும், அவசரப்படுத்தும் திரையும், ஒரு தவறு செய்தால் பணம் போய்விடுமோ என்ற அச்சமும்தான் அவர்களைத் தடுக்கின்றன. இந்த அச்சம் நியாயமானது. நாள்தோறும் பத்திரிகையில் மோசடிச் செய்திகளைப் படிப்பவர்கள் அவர்கள். திரையில் இல்லாத குறையை அவர்கள் மேல் ஏற்றிச் சொல்வது சரியன்று.

எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடக்காது, காலதாமதம் ஆகும் என்பது மூன்றாவது வாதம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பத்து முதியவர்களைக் கேட்டால் பன்னிரண்டு யோசனை வரும். சிலர் எதையும் மாற்றக்கூடாது என்பார்கள். அவர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேளாமல் செய்து, கெட்டபின் திருத்துவதற்கு ஆகும் காலத்தைவிட, கேட்டுச் செய்ய ஆகும் காலம் குறைவு. தையற்காரர் கூட அளவு எடுத்துவிட்டுத்தான் துணியில் கத்திரி வைக்கிறார்.

எப்படிக் கேட்பது?

கேட்பது என்றால் முறையாகக் கேட்க வேண்டும். முதலாவது, யாரைக் கேட்பது என்பது முக்கியம். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரிகள் இருவரையும் வங்கி மேனேஜர் ஒருவரையும் கூப்பிட்டுக் குழு அமைத்துவிட்டு, முதியோரைக் கேட்டாயிற்று என்று சொல்வது வழக்கமாக இருக்கிறது. அவர்கள் வரட்டும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத விதவைத் தாயும், காது மந்தமான தொழிலாளியும், கண்புரை உள்ளவரும் வரவேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம் நாம்தான் போகவேண்டும்.

இரண்டாவது, அவர்களுக்குத் தெரிந்த மொழியில் கேட்க வேண்டும். மும்பையில் நாற்பது ஆண்டு வாழ்ந்த நம் தாய்மார்கள் பலர் மார்க்கெட்டில் இந்தியில் பேரம் பேசிவிடுவார்கள். ஆனால் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. போனில் ஒலிக்கும் குரல் இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு அழுத்தச் சொன்னால் அவர்கள் எதை அழுத்துவார்கள்? ஒரு தெலுங்குப் பாட்டிக்கும் ஒரு பீகார்த் தாத்தாவுக்கும் இதே கஷ்டம் உண்டு. பிழைக்க வந்தவர்களால் நிறைந்த ஊரில் பல மொழி என்பது சலுகை அன்று, தேவை.

மூன்றாவது, இடமும் நேரமும். மூன்றாவது மாடியில், லிப்ட் இல்லாத கட்டடத்தில், மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று குறிப்பெழுதக் கூடாது. ரயில் நெரிசல் தணிந்த முற்பகலில், தரைத்தளத்தில், கழிப்பிடம் உள்ள இடத்தில் கூட்ட வேண்டும். கேள்வித்தாளை நீட்டுவதை விடக் கருவியையே கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று வாய் பேசாமல் பார்ப்பது நல்லது.

நான்காவது, பதில். சொன்ன யோசனையில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று திரும்ப வந்து சொல்ல வேண்டும். பதில் வராத இடத்துக்கு மறுமுறை யாரும் யோசனை சொல்ல வரமாட்டார்கள்.

ஐந்தாவது, புதிய வழி ஓடத் தொடங்கியதும் பழைய வழியை மூடிவிடக் கூடாது. புதிய வழி கடைசி ஆள்வரை எட்டுகிறது என்று தெரியும் வரை பழைய கவுண்ட்டர் ஒன்று திறந்திருக்கட்டும்.

நாம் செய்யக்கூடியது

இதையெல்லாம் டில்லியில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்கள் அநேகர். புதிய பாரம் ஒன்று அச்சாகி வந்தால், புதிய திரை ஒன்று வந்தால், அதில் எந்தக் கட்டத்தில் பெரியவர்கள் திகைக்கிறார்கள் என்பது மேலதிகாரியை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரம் அதைக் குறித்துவைத்து மேலே எழுதுங்கள். ஒரு குமாஸ்தாவின் குறிப்பால் ஒரு பாரம் மாறினால், அது பத்தாயிரம் பேருக்குச் செய்த உபகாரம்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் மண்டபம் திறக்கும்போது, மாதம் ஒரு முற்பகல் முதியவர்களுக்கென்று திறந்தால் என்ன? வங்கிக்காரரையும் தபால்காரரையும் வார்டு ஆபீசரையும் அங்கே அழைத்து, பேச வைக்காமல் கேட்க வைக்க வேண்டும். இருக்கும் உரிமைகளே பலருக்குத் தெரியாது. 70 வயது கடந்தவர்களுக்கு வீடு தேடிவந்து அடிப்படை வங்கிச் சேவை தரும்படி ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. முதியோர் உதவிக்கென்று 14567 என்ற தொலைபேசி எண் 2021இல் நாடெங்கும் அறிமுகப்படுத்தப்பட்டது. இவற்றை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? உரிமை இருப்பது தெரிந்தால்தான் அதில் குறை என்ன என்று சொல்ல முடியும்.

கடைசியாக நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரிலிருக்கும் தாய் தகப்பனாருக்கு நாம் செய்யும் ஏற்பாடுகளை அவர்களைக் கேட்டா செய்கிறோம்? வங்கிக் கணக்கில் நம் நம்பரைக் கொடுத்தோம், கேஸ் சிலிண்டருக்கு நம் நம்பர், ஆதாருக்கும் நம் நம்பர். எல்லாம் அன்பினால்தான். ஆனால் தம் பணத்தைத் தாம் எடுப்பதற்கு, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ரயிலில் தொங்கும் மகனைக் கேட்டு நிற்க வேண்டிய நிலையை நாமும் சேர்ந்துதான் உண்டாக்கினோம். முதலில் சொன்ன அந்தப் பெரியவருக்கு அடுத்த விடுமுறையில் மகன் ஒரு சாதாரண பட்டன் போன் வாங்கிக் கொடுத்து, ஆதாரில் அந்த நம்பரைப் பதிவு செய்துவிட்டு வந்தார். யோசனை மகனுடையதன்று. "எனக்குன்னு ஒரு நம்பர் இருந்தா நானே பாத்துக்கிடுவேன்லா" என்று தகப்பனார்தான் சொன்னாராம். அதற்குமுன் ஏன் சொல்லவில்லை என்று மகன் கேட்டதற்கு, "நீ எங்க கேட்ட?" என்றாராம்.

அரசாங்கத்துக்கும் ஆபீசுகளுக்கும் நமக்கும் சேர்த்து அவர் கேட்ட கேள்வி அது. இன்று கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர் அவர். இருபது ஆண்டில் அங்கே நிற்கப்போவது நாம். அப்போது நம்மையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று விரும்பினால், அந்த வழக்கத்தை இன்றே தொடங்கி வைக்க வேண்டும்.